குப்பை வாளியில் கிடந்த வெள்ளைப் பூ

என் மகள் மதுரா மூச்சுக்குத் தவித்த அன்று, பிள்ளையார் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தவன் நான். இதை மறைத்துவிட்டு, அவர் எனக்குச் செய்த உதவியை மட்டும் உங்களுக்குச் சொல்வது நேர்மையில்லை. அதனால் முதலில் இதைச் சொல்கிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். யாழ்ப்பாணத்தை விட்டபிறகு எத்தனை ஊர், எத்தனை அறை என்று எண்ணுவதில்லை. பசித்திருக்கிறேன், பேருந்து நிலையத்தில் படுத்திருக்கிறேன். அதெல்லாம் எனக்குப் பெரிய கதை இல்லை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளை, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, தோள்கள் ஏறி இறங்க மூச்சு இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு.

இந்தப் பனிநாட்டில், செயின்ட்-மிஷேல் என்கிற நகரப் பகுதியில் நிலக்கீழ் வீடு. சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம். துடைத்தால் பத்து நாளில் திரும்பவும் வரும். வீட்டுக்காரன் வந்து பார்த்தான். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனான். வெளியே பனி கொட்டுகிற மார்கழி மாதத்தில்! இன்றும் அவன் முகம் நினைவுக்கு வந்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. டாக்டர் தெளிவாகச் சொன்னார்: இந்த ஈரத்திலிருந்து பிள்ளையை வெளியே எடுங்கள்.

"பிள்ளைக்கு மூச்சைக் கொடு" என்று ஒரு வருடம் கும்பிட்டேன். பதில் இல்லை. அப்போதுதான் படத்தைத் திருப்பினேன்.

எங்கே போவது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நான் தளபாட லொறி ஓட்டுபவன். கோடையில் வடக்கே மலைப்பக்கம் ஒரு சின்ன ஊருக்குக் கட்டில் இறக்கப் போயிருந்தேன். ஏரி, அதைச் சுற்றிக் காடு. கடைக்காரர் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுப் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். யாருக்கும் அவசரம் இல்லை. காற்றை இழுத்தால் நெஞ்சின் அடிவரை போனது. இதுதான் ஊர் என்று அன்றே முடிவெடுத்துவிட்டேன்.

என் மனைவி வசந்தி முடியாது என்றாள்.

"இன்னொருக்காப் பெட்டி கட்ட என்னால ஏலாது. நீங்கள் காட்டுற இடமெல்லாம் முதல் நாள் சொர்க்கமாத்தான் இருக்கும்."

கோவில் சனம் அதைவிட மோசம். "அங்க மரக்கறிக்கு என்ன செய்வாய்? மரத்தைத் தின்னப் போறியோ?" என்று சிரித்தார்கள். என் பிள்ளையின் மூச்சைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கடைசியில் வசந்திதான் பூக்கட்டிப் பார்ப்போம் என்றாள். நம்மவர்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். ஒரு வெற்றிலையில் சிவப்புப் பூ, இன்னொன்றில் வெள்ளைப் பூ, இரண்டையும் நூலால் கட்டிச் சாமியின் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. சிவப்பு வந்தால் போவது, வெள்ளை வந்தால் இருப்பது.

வெள்ளிக்கிழமை, டெப்பனர் என்கிற மூலைக்கடையில் சிவப்பு ரோசா ஒன்றும் வெள்ளை ரோசா ஒன்றும் வாங்கினேன். சிவப்பைப் பாதியாகப் பிய்த்து இரண்டு வெற்றிலையிலும் வைத்துக் கட்டினேன். வெள்ளையைக் குப்பை வாளியில் போட்டேன். ஒரு வருடமாக வாய் திறக்காத சாமிக்கு நான் ஏன் இரண்டு வழி கொடுக்க வேண்டும்? அவ்வளவு கோபம். பிறகு குளிக்கப் போனேன்.

கோவிலில் பூசை முடிந்தது. ஐயர் சொல்ல, மதுரா ஒரு பொட்டலத்தை எடுத்தாள். ஐயர் பிரித்தார்.

வெள்ளை.

"இதுக்குள்ள எப்பிடி வெள்ளை வந்தது?" என்று கத்திவிட்டேன்.

ஐயர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏன் தம்பி, வரக்கூடாதோ?"

என் வாயாலேயே என் களவு வெளியே வந்துவிட்டது. அப்போது வசந்தி முன்னால் வந்தாள்.

"நான்தான் ஐயா மாத்தினனான். இவர் குளிக்கேக்க, வெள்ளைப் பூ குப்பை வாளிக்க முழுசாக் கிடந்தது. உடன விளங்கீட்டுது. அதையே ரெண்டாப் பிய்ச்சு ரெண்டிலயும் வச்சிட்டன்."

ஐயர் மற்றப் பொட்டலத்தையும் பிரித்தார். அதுவும் வெள்ளை. "பிள்ளையாருக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கேல்லை நீங்கள் ரெண்டு பேரும்," என்றார்.

சிலர் சிரித்தார்கள். மதுரா சிரிக்கவில்லை. "அப்ப என்னை ஏன் எடுக்கச் சொன்னீங்கள்?" என்று கேட்டாள்.

நான் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனேன்.

கார் நிறுத்துமிடத்தில் வசந்தி வெடித்தாள். "நான் போகமாட்டன் எண்டு நிண்டது ஊர் பிடிக்காமல் இல்லை. பனிக்குள்ள அந்த ஊரைப் பாத்தனீங்களோ? பிள்ளைக்கு மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம்? எனக்கு அங்க வேலை இருக்கோ? இத்தனை வீடு மாறினம். ஒருக்காலாவது என்னைக் கேட்டனீங்களோ?"

கேட்டதில்லை. ஒரு தடவைகூட இல்லை. அவ்வளவு நாளும் வீட்டுக்காரன்மேலும் சாமிமேலும் இருந்த கோபம், அந்தக் குளிரில் நின்றபோது என்மேல் திரும்பியது.

தை மாதம் மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். நான் தேர்ந்தெடுத்த ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. கோடையில் மட்டும் வருகிறவர்களின் வீடுகள். ஆஸ்பத்திரிக்கு மலையைச் சுற்றி ஒன்றேகால் மணி நேரம் காரோட்டினேன். போய்ச் சேர்ந்ததும் வசந்தி மணிக்கூட்டைக் காட்டினாள். அது போதும்.

அந்த ஆஸ்பத்திரி இருந்த ஊரில் தேநீர் குடிக்க இறங்கினோம். பெரிய அழகு ஒன்றும் இல்லை. ஆனால் ஏரி இருந்தது, வேலை முடிந்து பனிச்சறுக்குக் கட்டையோடு காட்டுக்குள் போகிற சனம் இருந்தது. முதியோர் இல்லத்துக் கதவில் பராமரிப்பாளர் தேவை என்று ஒட்டியிருந்தது. வசந்திக்குச் செயின்ட்-மிஷேலில் அதே வேலைதான். அவள் என்னைக் கேட்காமலே உள்ளே போனாள். ஒரு மணி நேரம் கழித்து, வேலை கிடைத்துவிட்டதென்று சிரித்துக்கொண்டு வந்தாள். அதே தெருவில் இரண்டாம் மாடியில், காய்ந்த சுவர்களோடு வெயில் படுகிற வீடு கிடைத்தது. சித்திரையில் குடிவந்தோம்.

நான் ஒரு வருடம் கும்பிட்டுக் கேட்ட பதில் என் மனைவியின் வாயில் இருந்தது. அவளைப் பேசவிடாமல் வைத்திருந்தவன் நான். பிள்ளையார் எங்கள் களவு இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட்டு அவளைப் பேச வைத்தார். இதை நான் முழுமனதோடு நம்புகிறேன். அவருடைய படத்தை, சுவரைப் பாராமல் எங்களைப் பார்க்கும்படி, நானே ஆணியடித்து மாட்டினேன். மதுராவின் மருந்து இன்னும் பையில்தான் இருக்கிறது. கடந்த குளிர்காலம் முழுவதும் அதை இரண்டு தடவைதான் எடுத்தோம்.

கோபம் இருந்தால் கோபத்தோடேயே அவரிடம் போங்கள். படத்தைத் திருப்பி வைத்தவனையும் அவர் தள்ளவில்லை. ஆனால் பதிலை நீங்களே கட்டிக்கொண்டு போய் அவரைக் கேட்காதீர்கள். அதற்கு முன்னால், பக்கத்தில் இருப்பவரையும் ஒரு தடவை கேளுங்கள்.

போன ஞாயிறு உறைந்த ஏரியின் நடுவிலிருந்து மதுரா கத்தினாள்: "அப்பா, கெதியா வாங்கோ!" நான் பாதி வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு வாங்கியது எனக்குத்தான்.