மாற்ற முடியாத இடம்

பிளாக்செயின் என்கிற கணினிப் பதிவேடு எனக்கே சரியாகப் புரியாது. இருந்தும் உப்பளம் பகுதி மீன் ஏற்றுமதியாளர் ஒருவருக்கு அதை ஒரு மணி நேரம் விளக்கினேன்.

அவர் ஒவ்வொரு ஐஸ் பெட்டிமீதும் உள்ளங்கையை வைத்துக் கண்மூடி நிற்பார், உள்ளே கடல் தூங்குவதுபோல.

"மீன் பிடிச்ச எடத்தை அதுல பதியலைன்னா பிரான்சுக்காரன் ஆர்டரை நிறுத்திடுவானாம். நம்ம கனகசெட்டிக்குளத்து மீனவங்க கூடப்பொறந்தவனுக்கே எடத்தைச் சொல்ல மாட்டாங்களே, சார்!"

"பதிஞ்சா யாராலயும் மாத்த முடியாதுங்க," என்றேன் பெருமையாக.

அவர் கைப்பேசி வரைபடத்தின் நீலத்தில் வெகுநேரம் மிதந்துவிட்டு, ஓரிடத்தில் மெல்ல விரல் வைத்தார். அதையே பதிந்தோம்; ஆர்டர் நிலைத்தது. அந்த விரலுக்குக் கடல் தெரியும் என்றே நம்பினேன்.

பிறகொரு நாள் அதே இடத்தை ஒரு மீனவரிடம் காட்டினேன்.

"அங்க நெத்திலிகூட வராதே, சார்!" என்று சிரித்தார்.