பாரம் ஏற்றாத வண்டி

போன மாதம் தில்லைநகரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில் பழைய அமெரிக்க பிக்கப் வண்டி ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். சிவப்புப் பெயிண்ட், வெட்டி இறக்கிய கூரை, தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்த பின்பக்கம். வந்தவர்கள் எல்லாம் அதில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே எஞ்சின் இல்லை. நாலு செங்கல்லும் கொஞ்சம் சீரியல் பல்பு ஒயரும் கிடந்தன.

"பெரியவரே, தொடாதீங்க, வாடகைக்கு எடுத்தது" என்றார் மண்டபத்து ஆள்.

"இதெல்லாம் ஒரு வண்டியாய்யா?" என்று கேட்டுவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார். ஆனால் பெயிண்ட் புதிது, தின்னர் வாசனை இன்னும் போகவில்லை. அந்த வாசனை பட்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. சவரிமுத்து ஞாபகம் வந்துவிடும்.

ஐம்பதுகளின் கடைசி. பாலக்கரையில் ஒரு ஒர்க்ஷாப்பில் நான் ஃபிட்டர், சவரிமுத்து தகடு தட்டி நிமிர்த்துகிற டிங்கர். இரண்டு பேருக்கும் ஒரே வயது. நான் ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வருவேன். மதியம் என் தூக்குச்சட்டியில் பாதி அவனுக்கு, அவன் கருவாட்டுக் குழம்பில் பாதி எனக்கு. வீட்டில் தெரிந்தால் அம்மா தூக்குச்சட்டியையே தூக்கி எறிந்திருப்பாள். அதை விடுங்கள்.

யுத்தத்துக்கு முன்னால் வந்த ஒரு பிக்கப், ஒர்க்ஷாப் பின்னால் எருக்கஞ்செடிக்கு நடுவில் துருப்பிடித்துக் கிடந்தது. முதலாளி அதை சவரிக்கே கொடுத்துவிட்டார். பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைப் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, அதைப் பார்த்துப் பார்த்தே செய்தான். கூரையை நாலு விரற்கடை வெட்டி இறக்கினான். பட்டி பூசி, உப்புத்தாள் தேய்த்து, செம்பருத்திச் சிவப்பு அடித்தான். மிலிட்டரி டிஸ்போசல் ஏலத்தில் வந்த ஆறு சிலிண்டர் எஞ்சினை நான் ஏற்றிக் கொடுத்தேன். அது அடங்கவில்லை, பானெட்டின் பக்கத் தகடுகளைக் கழற்றிப் போட்டோம். பின்பக்கம் தாழ வேண்டும் என்றான். பாரம் தாங்குகிற ஸ்பிரிங்கில் பாதிப் பட்டைகளை நானே உருவி எடுத்தேன். அடிச்சட்டமான சேஸிஸை நடுவில் வெட்டி, வெல்டிங் வைத்து ஒட்டியதும் நான்தான். என் கையால் செய்தது. இதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டு வருஷம் ஆயிற்று. ஊருக்குள் ஓட்டிப் போனால் சிங்காரத்தோப்பே திரும்பிப் பார்க்கும். பார்த்துவிட்டு என்ன கேட்பார்கள் தெரியுமா? "எத்தனை மூட்டை ஏறும்?" நம் ஊர்க்காரர்களுக்குப் பின்னால் காலி இடம் இருந்தால் பொறுக்காது. சவரிக்கு இதைக் கேட்டால் மூஞ்சி செத்துவிடும். அவன் அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். நாற்பத்தைந்து வயதில் முதுகு வளைந்து, நிமிர முடியாமல் படுத்த படுக்கையாகச் செத்தார்.

"எங்கப்பன் முதுகுல ஏறினது போதும்டா. இதுல ஒரு மூட்டை ஏறக்கூடாது. சும்மா ஓடணும், எல்லாரும் பாக்கணும். அவ்ளோதான்."

என் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. பெண் மாப்பிள்ளை ஊர்வலம் தன் வண்டியில்தான் என்று சவரியே சொன்னான். பின்னால் சோபா போட்டு, மல்லிகைச் சரம் கட்டி, உத்திர வீதி, சித்திரை வீதி சுற்றி வருவது என்று ஏற்பாடு. தங்கை அந்த ஒரு விஷயத்தைத்தான் பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இலையும் வாசலில் கட்டுகிற வாழைமரமும் தொட்டியத்தில் பெரியப்பா தோட்டத்திலிருந்து வரவேண்டும். கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் அங்கிருந்து ஆள் வந்து, லாரி அச்சு முறிந்துவிட்டது என்றான். மார்க்கெட்டில் வாங்கியிருக்கலாம். அப்பாவுக்கு ரோஷம். "சொந்தத் தோட்டத்து இலைன்னு சம்பந்திகிட்ட சொல்லிட்டேன். உன் சிநேகிதன் வண்டி சும்மாத்தானே நிக்குது?"

இது மாதிரி ஏதாவது வரும் என்று முந்தின வாரமே சவரியிடம் ஜாடையாகக் கேட்டிருந்தேன். "ஆளு ஏறட்டும்டா, ஆளு பாரமில்ல. இலை மட்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டுத்தான் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தான். மறுநாள் நேராகக் கல்யாணத்துக்கு வருவான். சாவி ஒர்க்ஷாப் ஆணியில் தொங்கியது. எடுத்தேன். இலைதானே, என்ன கனம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். இரும்போடு வேலை பார்க்கிறவன் புத்தி. வாழைமரம் முழுக்கத் தண்ணீர் என்பது தொட்டியத்தில் மரத்தைத் தோளில் தாங்கியபோதுதான் உறைத்தது.

அங்கே இன்னொன்று. கல்யாணத்துக்கு என்று தெரிந்தால் அந்த ஊரில் ஒருவரும் எண்ணிக் கொடுக்க மாட்டார்கள். பெரியப்பா ஒரு ஜோடி வெட்டினார். பக்கத்துத் தோட்டக்காரர் குலையோடு ஒரு ஜோடி கொண்டுவந்தார். அடுத்தவரும். "போதும் பெரியப்பா" என்றேன்.

"மங்கல காரியத்துக்குக் குடுக்கறத வேணாங்கக் கூடாதுடா. ஏத்து."

ஏற்றினேன். பன்னிரண்டு மரம், குலையோடு. அதற்கு மேல் இலைக்கட்டு. ஸ்பிரிங்கில் எத்தனை பட்டை மிச்சம் என்று அந்த இடத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். கயிற்றை இழுத்துக் கட்டினேன்.

குணசீலம் வருவதற்குள் ரப்பர் தீய்ந்த நாற்றம். மட்கார்டு டயரில் உரசியது. அதைத் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியபோது அடியில் படீரென்று ஒரு சத்தம். சேஸிஸில் நான் ஒட்டிய இடம் விட்டுப்போனது. நடுவில் தொய்ந்த வண்டியைச் சங்கிலி போட்டு இறுக்கி, ஊர்ந்து ஊர்ந்து கொள்ளிடம் பாலத்தைக் கடந்தேன். பொழுது சாய்வதற்குள் மரம் வாசலுக்கு வந்துவிட்டது. அப்பா மரத்தைத்தான் பார்த்தார்.

மறுநாள் காலை சவரி சலவைச் சட்டையில் வந்தான். தெருமுனையில் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டான். முதுகு வளைந்து நின்றது. சிவப்பு முழுக்க வாழைப்பால் வழிந்து, காய்ந்து, கறுத்திருந்தது. கட்டைவிரலில் எச்சில் தொட்டு ஒரு இடத்தைத் தேய்த்துப் பார்த்தான்.

"எத்தனை மரம்?"

"பன்னெண்டு."

"கறை போவாதுடா."

"பட்டைய மறுபடி போட்டு, சேஸிஸ ஒட்டிர்றேன் சவரி."

"போடு. நல்லா கனமாவே போடு. இனிமே லோடுதானே அடிக்கப்போவுது."

திட்டியிருந்தால் தேவலை. பந்தியில் உட்கார்ந்தான். நான்தான் பரிமாறினேன். அவன் வண்டியில் வந்த இலை. எல்லாவற்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். கல்யாண வீட்டில் இலையை நம் பக்கமாக மடிப்போம், சாவு வீட்டில் எதிர்ப்பக்கமாக. அவன் எதிர்ப்பக்கமாக மடித்தான். சம்பந்தி வீட்டார் கண்ணில் படுவதற்குள் நான் குனிந்து எடுத்துவிட்டேன். தங்கை ஜட்கா வண்டியில் ஊர்வலம் போனாள். ஏன் என்று என்னிடம் கேட்கவே இல்லை.

சொன்னபடி கனமான பட்டை போட்டேன். பின்பக்கம் தூக்கிக்கொண்டு அசிங்கமாக நின்றது. அவன் அதை வாழைக்காய் மண்டிக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, பம்பாய்க்கு ரயில் ஏறினான். கடிதம் கிடையாது. அறுபதுகள் முழுக்க அந்த வண்டி மார்க்கெட்டுக்கும் தொட்டியத்துக்கும் வாழைத்தார் சுமந்தது. எதிரே வந்தால் நான் சைக்கிளைச் சந்துக்குள் திருப்புவேன். பிறகு ஒருநாள் வரவில்லை.

ஒர்க்ஷாப் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. தங்கையும் இல்லை. தில்லைநகர் மண்டபத்தில் அந்தப் பொம்மை வண்டியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பாரம் இல்லை. எல்லாரும் பார்க்கிறார்கள். அவன் கேட்டது இவ்வளவுதான்.

உள்ளே போய்ச் சாப்பிட்டேன். முடித்து, பழக்கத்தில் இலை நுனியில் கை வைத்தேன். "விடுங்க சார், நாங்க எடுத்துக்கறோம்" என்று சொல்லி, மேஜையில் விரித்த காகிதத்தோடு இருபது இலையையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போனார்கள். இப்போதெல்லாம் யாரையும் மடிக்க விடுவதில்லை.