அக்காவோடு பார்த்த ஆபிரிக்கப் படம்

அக்கா வேதத்துக்கு, அதுதான் கிறிஸ்தவத்துக்கு, மாறி இரண்டு வருடம். அதில் எனக்கு ஒன்றுமில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய். உள்ளுக்குள் கொதிதான். அக்காவுக்கு லீவு வெள்ளிக்கிழமை மட்டும். ஆற்றுக்கு அந்தப்பக்கம் லவாலில் இருந்து வருவார், பிள்ளைகளோடு கொட்டமடிப்பார், சாப்பாடு என்றதும் "வயித்துக்குள்ள ஒரு மாதிரி" என்பார். சாமிக்குப் படைத்ததை அவர் தொடமாட்டார். வெள்ளிக்கிழமைகளில் படைக்காமல் ஒரு பருக்கையும் என் அடுப்படியை விட்டு வெளியே வராது. இருக்கிறதே ஒரு அக்கா. அவர் என் வீட்டில் பச்சைத்தண்ணீரோடு எழும்பிப் போவதை என்னால் தாங்க முடியவில்லை.

கீழ்வீட்டுச் செனகல்காரர் எங்கள் பகுதி நோத்ர-டாம்-த-கிரேஸ் நூலகத்தில் ஆபிரிக்கப் படங்கள் போடுகிறவர். "பழைய காலத்துக் கதை. பாதிரியார் வருகிறார், பாதி ஊர் தன் தெய்வங்களை விட்டு மாறுகிறது" என்றார். ஆகா, இதைப் பார்த்தாவது அக்காவுக்குப் புத்தி வரட்டும் என்று கூட்டிப்போனேன். அவர் ஏன் மறுபேச்சில்லாமல் வந்தார் என்பது அங்கேதான் விளங்கியது. எனக்குப் புத்தி வரட்டும் என்று வந்திருந்தார்.

படத்தில் ஒரு தாய் மூதாதையர் கல்லுக்கு முன்னால் களி படைக்கிறாள். ஞானஸ்நானம் பெற்ற மகள் வாசலில் பசியோடு நிற்கிறாள். அந்தக் களி வேண்டாமாம்.

"பாத்தியளே, உங்கட கதைதான்" என்று காதுக்குள் சொன்னேன்.

"போடா. தாய்க்காரியைப் பார், உன்ர மூஞ்சி அப்பிடியே."

முன்வரிசைப் பெண்மணி திரும்பி "உஸ்" என்றார்.

கடைசியில் மகள் பாதிரியாரின் படகில் ஏறிப் போய்விட, தாய் களிப்பானையோடு தனியே இருந்தாள். அக்கா டிஷ்யூவைக் கிழித்து எனக்குப் பாதி தந்தார்.

"யாரில் பிழை?" என்று செனகல்காரர் சபையைக் கேட்டார். நான் சும்மா இருப்பேனா? மகளைத் திட்டத்தான் எழும்பினேன். அந்தப் பானை கண்ணுக்குள்ளேயே நின்றதால் வாயில் வேறு வந்தது. "தாயில்தான் பிழை. படைக்க முதல் ஒரு கிண்ணம் எடுத்து வைத்திருந்தால் பிள்ளை சாப்பிட்டிருக்கும். கல்லா கோபிக்கப் போகிறது?" என்று உடைந்த பிரெஞ்சில் வெளுத்து வாங்கினேன். கை தட்டினார்கள்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் பிரெஞ்சு தெரியுமே.

"அப்ப நீ ஏனடா எனக்கு எடுத்து வைக்கேல்லை?"

குரல் உடைந்திருந்தது. என்ன சொன்னார் என்று செனகல்காரர் கேட்க, வேறு வழியில்லாமல் மொழிபெயர்த்தேன். சபை சிரித்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்காவும் சிரித்தார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

அடுத்த வெள்ளி, படைக்க முதல் சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வேறாக எடுத்து மூடினேன். மனைவி ஏற இறங்கப் பார்த்தார்.

"சாமி குறை நினைக்காதோ?"

"நினைச்சால் என்னோட வந்து கதைக்கட்டும்."

வாய் அப்படிச் சொன்னாலும், படைக்கும்போது சாமிக்கு ஒரு கரண்டி கூடவே வைத்தேன்.

அக்கா சோற்றுக்கோப்பையை இழுத்து வைத்துக் கண்ணை மூடிச் செபித்தார். செபம் முடிகிற பாடாக இல்லை. சோறு ஆறப்போகிறதே என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். ஆமென் சொல்லி, குழைத்து, ஒரு வாய் வைத்தார்.

"உப்புக் காணாது" என்றார்.

படைக்க முதல் ருசி பார்க்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அட கடவுளே, என் கறிக்குக் குறை சொல்ல அக்கா வந்துவிட்டார்! உப்புப் போத்தலை எடுக்க ஓடினேன்.