என் மகளுக்கு மாப்பிள்ளை கேட்டுப் போனவள்

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போக வேண்டும். அதிலும் பெண்ணைப் பெற்றவள் தானே போய் வாசலில் நிற்க முடியாது. நம்பிக்கையான ஒருத்தியை அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு பேச்சு நடக்கும்போது இன்னொரு பேச்சை எடுக்கவும் கூடாது. இந்த முறையை யார் கண்டுபிடித்தாரோ தெரியாது. போகிறவள் வீட்டிலும் கலியாணமாகாத ஒரு குமர் இருக்கலாம் என்று அந்தப் புண்ணியவானுக்குத் தோன்றவில்லை.

நான் அனுப்பியது அடுத்த வீட்டுக்காரியை. என்னைவிடக் கொஞ்சம் இளையவள், அக்கா முறை வைத்து ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருஷம் எங்கள் இரண்டு குடும்பமும் அகதிகளாக ஒரே வகுப்பறையில் கிடந்தோம். பிறகு பக்கத்துப் பக்கத்திலேயே வீடு கட்டினோம். எனக்கு ஒப்பரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் தலைமாட்டில் இருந்தவள் அவள்தான். கூடப் பிறந்தவர்கள் தோடம்பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவளுடைய மகள் பாதி நாள் என் அடுப்படியில்தான் வளர்ந்தாள். விசுவாசம் என்றால் என்னவென்று யாராவது கேட்டிருந்தால் நான் அடுத்த வீட்டைக் கைகாட்டியிருப்பேன்.

மாப்பிள்ளைக்கு ஊர் நிந்தவூர். அரசாங்க உத்தியோகம், தொழுகையாளி, அதிர்ந்து பேசாதவர் என்று கேள்வி. அடுத்த வீட்டுக்காரிக்கு அங்கே சொந்தம் இருந்தது. அதுவரை காட்டிய படங்களுக்கெல்லாம் முகத்தைச் சுளித்த என் மகள், இவருடைய படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்து, "உங்கட விருப்பம் உம்மா" என்றாள். எனக்கு விளங்கிவிட்டது.

"கேட்டிரிக்கன் ராத்தா. யோசிச்சிச் செல்றாங்களாம். நீங்க வேற இடம் பாக்காம கொஞ்சம் பொறுங்க" என்றாள் போய் வந்தவள்.

பொறுத்தேன். பெருநாளும் வந்து போனது. சம்மாந்துறை மாப்பிள்ளை ஒருவருக்காகத் தரகர் வந்தார். நல்ல இடம். பேச்சு நடக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். "அவங்களிட்ட நேரா ஒரு சொல்லுக் கேட்டா என்ன?" என்று என் கணவர் எரிந்து விழுந்தார். "அவ கதைச்சிட்டிரிக்கிறா. நாம குறுக்க போனா அவளுக்கு மரியாதையா?" என்று அவளுக்காக அவரோடு சண்டை பிடித்தேன்.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் இனிப்புக்கு வட்டிலாப்பத்தோடு வந்தாள். "மகளுக்கு முடிவாயிட்டு ராத்தா. நிந்தவூர்."

யார் என்று நான் கேட்கவில்லை. அவள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அவங்களாத்தான் விரும்பிக் கேட்டாங்க, நான் என்ன செய்ய?" என்றாள். அதையும் நம்பிப் பார்த்தேன், வெட்கங்கெட்டவள் நான்.

கலியாணத்துக்குப் போனேன். போகாவிட்டால் ஊர் வாய் சும்மா இருக்காது. மாப்பிள்ளையின் உம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுசி. நான் யாரென்று அறிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கட மகளத்தான் முதல்ல விரும்பின நாங்க. அவ வெளிநாட்டுக்குப் படிக்கப் போறா, இப்ப கலியாணம் வேணாமெண்டு நீங்க செல்லி அனுப்பின எண்டாங்க. படிப்பு எப்பிடிப் போகுது?"

பந்தி கவனித்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டுக்காரி எங்களைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள். நான் ஒரு சொல் சொன்னால் போதும், அந்தக் கலியாண வீடு இழவு வீடாகிவிடும். அந்த நேரம் பார்த்து மணப்பெண் என்னைக் கூப்பிட்டாள். "பெரியும்மா, முக்காடு சரியா இரிக்கா?"

சரியாக இருக்கிறது என்று அவளுக்குத் தலையாட்டினேன். பிறகு மாப்பிள்ளையின் உம்மாவிடம், "ஓம், படிக்கப் போறா" என்றேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டிக் கத்தினேன், அழுதேன். அடுத்த அறையில் இருந்த மகளுக்கும் கேட்டுவிட்டது. எங்கள் ஊர்களில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியிருக்க வருவார். அவருடைய மோட்டார் சைக்கிள் இப்போது எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் மகள் காயப்போடும் உடுப்பைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே வந்துவிடுகிறாள்.

கலியாணம் முடிந்த கிழமை அடுத்த வீட்டுக்காரி பின்வாசலால் வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். கேட்க வேண்டியதை எல்லாம் நாக்கு நுனியில் வைத்திருந்தேன்.

"அண்டைக்கி அவங்க உங்களோட கதைக்கக்குள்ள நான் பயந்தே போயிட்டன் ராத்தா" என்றாள். "பொறகு நினைச்சன், ராத்தா என்னக் காட்டிக் குடுக்க மாட்டா எண்டு. உங்கள எனக்குத் தெரியாதா? அந்த நம்பிக்கையிலதானே எல்லாம் செஞ்ச நான்."

வேறு யாருக்காவது இதைச் செய்திருந்தால் பந்தியில் வைத்தே அவளைக் கிழித்திருப்பார்கள். அது அவளுக்குத் தெரியும். நான் எவ்வளவு விசுவாசமானவள் என்று நன்றாக அளந்து பார்த்துவிட்டுத்தான் அவள் அன்றைக்கு நிந்தவூருக்கு பஸ் ஏறியிருக்கிறாள்.