கொளஞ்சியப்பன் தவறவிட்ட தாளம்

கடலூர்–சிதம்பரம் தனியார் பஸ்ஸில் கொளஞ்சியப்பன் கண்டக்டர். லீவு நாட்களில் டிரம்ஸ்காரர். பள்ளிக்கூட பேண்டு செட்டில் பழகிய கையை வைத்துக்கொண்டு, கிட்டார் ராஜவேலோடு பத்து வருஷம் வாசித்தார். தமிழிலும் ராக் பாடலாம் என்று கடலூர்க்காரர்களை நம்பவைத்தவர் ராஜவேல். 2009இல் மஞ்சள் காமாலை வந்து, நாற்பத்தொரு வயதில் போய்விட்டார்.

அதற்குள் சிதம்பரத்தில் மட்டும் நான்கு பேண்டுகள் முளைத்திருந்தன. நான்கும் அவரைப் பார்த்து வந்தவை. கடைசிச் சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியத்தையும் ஒன்றாக நிறுத்திவிடுவார்கள். பாடுகிறவர் கையைத் தூக்குவார். நான்கு எண்ணும் நேரத்துக்குச் சத்தமே இருக்காது. அதற்கு ‘ராஜவேல் ஸ்டாப்’ என்று பேர். கூட்டம் எழுந்து நிற்கும். சுனாமியில் போனவர்களுக்காக அவர் யோசித்துவைத்த மௌனம் அது என்பது ஊரறிந்த விஷயம்.

அப்படி இல்லை என்பது கொளஞ்சிக்குத் தெரியும்.

சுனாமிக்கு மறு வருஷம் தேவனாம்பட்டினத்தில் அஞ்சலிக் கச்சேரி. எதிரே உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே வாசித்த கொளஞ்சிக்குத் தாளம் விட்டுப்போயிற்று. கை அந்தரத்தில் நின்றது. ராஜவேல் திரும்பிப் பார்த்தார். சட்டென்று தந்திகளை ஒரு கையால் அமுக்கி, மறு கையைத் தூக்கினார். கூட்டம் எழுந்துவிட்டது. உதடு அசையாமல் அவர் ஒன்று, இரண்டு என்று எண்ணியது கொளஞ்சிக்கு மட்டும் கேட்டது. நாலு முடிந்ததும் கொளஞ்சி அடித்தார். பக்கத்தில் இருந்த கீபோர்டுக்காரர்கூட அது ஏற்கெனவே பேசிவைத்தது என்றே நம்பினார்.

மேடையை விட்டு இறங்கியதும் ராஜவேல், “மானத்த வாங்கப் பாத்தியேடா” என்று சிரித்ததோடு சரி. பிறகு லோக்கல் கேபிள் டிவியில் கேட்டபோது, செத்தவர்களுக்காகத் தானே யோசித்தது என்று சொல்லிவிட்டார். கொளஞ்சியைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ராஜவேலின் முதல் நினைவு நாளுக்குச் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாலைக் கச்சேரி வைத்தார்கள். பேண்டு ஒன்றை நடத்தும் எழிலரசி கொளஞ்சியின் பஸ்ஸிலேயே ஏறி விஷயத்தைச் சொன்னாள். அந்த ஸ்டாப் எப்படிப் பிறந்தது என்று கொளஞ்சி அண்ணன்தான் மேடையில் பேச வேண்டும், அதைப் பதிவு செய்து நினைவு சிடியில் முதலில் சேர்க்கப்போகிறோம் என்றாள். அந்த டிரிப்பில் புதுச்சத்திரத்தில் இறங்க வேண்டிய இரண்டு பேருக்குச் சிதம்பரம் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி விருத்தாம்பாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“சொல்லாம வுட்டா யாரு கேக்கப் போறாங்க?”

“சிடியில ஏறிட்டா அதுவே நெசமாயிடும்.”

“ஆவட்டுமே. யாருக்கு நஷ்டம்?”

கச்சேரிக்கு இருந்த நான்கு நாளும் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தபடியே, மேடையில் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தார்.

கச்சேரிக்கு அரை மணி நேரம் முன்னால், ராஜவேலின் மனைவி புஷ்பவள்ளியைத் தனியாக அழைத்துச் சொன்னார். முதலில் தெரிய வேண்டியது அவருக்குத்தான் என்று பட்டது. புஷ்பவள்ளி முகம் மாறாமல் கேட்டார்.

“அப்ப டிவியில அவரு சொன்னது பொய்யி.”

“என்னக் காப்பாத்தச் சொன்னது அண்ணி.”

“அது ஒனக்கும் எனக்கும் தெரியும். இங்க வந்துருக்கறவங்களுக்கு? செத்தவங்க பேரச் சொல்லிப் பேரு வாங்குனவன்னு சொல்லுவாங்க. நீ மனசுல இருக்கறத எறக்கி வச்சிட்டு பஸ் ஏறிப் போயிடுவ. நான் இல்ல பதில் சொல்லணும்?”

அதற்குள் மைக்கில் கொளஞ்சியின் பெயரை அழைத்துவிட்டார்கள்.

முதல் இரண்டு வரிசையிலும் தேவனாம்பட்டினத்து ஆட்கள். வேன் பிடித்து வந்திருந்தார்கள். கொளஞ்சி மைக்கைப் பிடித்தார்.

“மொதத் தடவ அது என்னோட தப்பு. தாளத்த வுட்டுட்டேன். அண்ணன் கையத் தூக்கி மறச்சாரு.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புஷ்பவள்ளி தலையைக் குனிந்துகொண்டார். எழிலரசி பக்கத்தில் வந்து நின்றாள், மைக்கை வாங்கிவிடலாமா என்பதுபோல. கொளஞ்சி மைக்கை விடவில்லை.

“ஆனா நீங்கல்லாம் எழுந்து நின்னத அவரு பாத்தாரு. அடுத்த வருசம் எனக்குத் தாளம் வுடல, ஒழுங்காத்தான் அடிச்சேன். அந்த எடம் வந்தா நிறுத்துடான்னு ஒத்திகையிலயே சொல்லிட்டாரு. அதுலேர்ந்து நிறுத்துனதெல்லாம் அவருதான்.”

யாரும் கைதட்டவில்லை. மைக்கைக் கொடுத்துவிட்டு மேடை ஓரமாகப் போய் நின்றார்.

எழிலரசியின் பேண்டு ஆரம்பித்தது. ஸ்டாப் வரும் இடம் நெருங்கியது. தாண்டிப் போய்விடுவார்கள் என்றே கொளஞ்சி நினைத்தார். எழிலரசி கிட்டார் தந்தியை அமுக்கிக் கையைத் தூக்கினாள். ஒன்று. யாரும் எழவில்லை. இரண்டு. முன்வரிசையில் ஆண்டி என்ற பெரியவர், சுனாமியில் மகளைப் பறிகொடுத்தவர், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவரோடு அந்த வரிசையும் எழுந்தது. புஷ்பவள்ளி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். நான்கில் பாட்டு தொடர்ந்தது.

கச்சேரி முடிந்து கொளஞ்சி வாசலில் செருப்பு மாட்டும்போது புஷ்பவள்ளி பக்கத்தில் வந்தார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“நீ பேசுனதுல பாதிய சிடியில வெட்டிடப் போறாங்க. ரெண்டாவது வருசத்துக் கதையும் அதுல இருக்கணும். போயி அந்தப் பொண்ணுகிட்ட இப்பவே சொல்லிட்டு வா.”

கொளஞ்சி மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.