வண்டிக்கு வெளியே நடந்தது

நீதிமன்றச் சம்மனோடு அந்தப் பெரிய கேட்டுக்கு முன்னால் போய் நின்ற அன்றுதான் கொடி அண்ணனை முதன்முதலாகப் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வக்கீல் கோட்டு வாங்கி ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. அதைப் போட்டுக்கொண்டு போனால் எந்தக் கதவும் திறக்கும் என்று நம்பியிருந்தேன். காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. சம்மனைக் கையால் தொடக்கூட இல்லை.

"இது பல நாட்டுக்காரங்க சேர்ந்து நடத்தற ஆபீஸ், சார். கோர்ட்டுக் காகிதமெல்லாம் கேட்டுக்கு அந்தப் பக்கம்தான். போலீசே அனுமதி கேட்டுத்தான் உள்ள வரணும்."

உள்ளே ஒருவர் வெள்ளைக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். காரின் முகப்பில் ஒரு சின்னக் கொடி; அதை வைத்துத்தான் அவர் எனக்குக் கொடி அண்ணன் ஆனார். நான் போட்ட சத்தம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் எதிர் டீக்கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க தேடற டிரைவர் நான்தான் தம்பி. அந்தப் பால்வண்டிக்காரன் மேலயா கேஸ் போட்டிருக்காங்க?"

பால்வண்டிக்காரர் என் கட்சிக்காரர். சிக்னலில் நின்றிருந்த அவருடைய வண்டியை, பின்னால் வந்த லாரி இடித்துத் தள்ளிவிட்டு ஓடிவிட்டது. முன்னால் உருண்ட வண்டி, சாலையைக் கடந்த ஒருவரின் காலை முறித்துவிட்டது. சிவப்பு விளக்கை மதிக்காமல் போனார் என்று வழக்கு. நிரூபணமானால் சிறை, லைசென்சும் போகும். பின்பக்க நெளிசலைக் காட்டலாம் என்றால், அந்த வண்டியில் நெளியாத இடமே கிடையாது. பக்கத்து வரிசையில் ஒரு கொடிக் கார் நின்றது மட்டும் அவருக்கு நினைவிருந்தது.

"லாரி இடிச்சதை என் கண்ணால பார்த்தேன்," என்றார் அண்ணன். "அன்னைக்கே ஆபீஸ்ல சொன்னேன். வெளிய பேசாதேன்னுட்டாங்க. பாவம், அவன் தலையில விடியும்னு எனக்குத் தெரியாது."

பணியில் செய்ததற்கோ கண்டதற்கோ அந்த அமைப்பின் ஊழியரை நீதிமன்றம் கூப்பிட முடியாது. அமைப்பு இருக்கிற நாட்டின் அரசு அவர்களை மிரட்டிக் காரியம் சாதித்துவிடக் கூடாது என்று சட்டம் போட்ட வேலி அது. விலக்குரிமை என்பார்கள்.

"எனக்கு அந்தச் சலுகையே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடறேன்," என்றார்.

"அது உங்களோடது இல்லண்ணே. யூனிஃபார்ம் மாதிரி. போட்டிருக்கறது நீங்க, கொடுத்தது ஆபீஸ்."

"அப்போ என் வாயும் ஆபீஸ் சொத்தா?" என்று சிரித்தார். "சரி, வேலைய விட்டுட்டா?"

"விட்டாலும் அன்னைக்கு வேலையில பார்த்தது வேலையில பார்த்ததுதான்."

சிரிப்பு நின்றுவிட்டது. டீயும் ஆறிப்போனது.

சம்மனை மடித்துப் பைக்குள் வைத்தேன். உத்தரவு செல்லாத இடத்தில் கேட்டுத்தானே வாங்க வேண்டும்? இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் விலக்குரிமையை விட்டுக்கொடுக்கும்படி வெளியுறவுத் துறை வழியாக விண்ணப்பித்தேன். அண்ணனும் தன் பங்குக்கு இயக்குநர் அறைக்கே போய்க் கேட்டார். வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை அவருடையது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை.

அவர் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி தையல் மிஷினை மிதித்தபடியே என்னிடம் முறையிட்டார்.

"எங்க போயிட்டு வர்றீங்கன்னு கேட்டா 'வெளிய'ம்பார். கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து அதே பதில்தான். கல்லுகூடப் பேசிடும், இவர் பேச மாட்டார். இவரைப் போய் சாட்சிக்குப் பிடிச்சீங்களே தம்பி!"

"வேலைக்கு ஏதாவது வந்துட்டா?" என்று மெல்லக் கேட்டார் அண்ணன். அவர் கேட்டது என்னை அல்ல.

மிஷின் நிற்கவில்லை. "இது ஓடற வரைக்கும் உலை கொதிக்கும். போய்ச் சொல்லிட்டு வாங்க."

விசாரணைக்கு முந்தின நாள்தான் பதில் வந்தது. சாலையில் கண்டதை மட்டும் சொல்லலாம். காரில் யார் இருந்தார், எங்கே போனார் என்பதைச் சொல்லக் கூடாது.

அரசு வழக்கறிஞர் அதையே பிடித்துக்கொண்டார்.

"கார்ல யார் இருந்தாங்க?"

"சொல்ல அனுமதி இல்லீங்க."

"எங்க போனீங்க?"

"அதுக்கும் இல்லீங்க."

"எதையுமே சொல்ல முடியாத ஆளு எதுக்குய்யா கூண்டுல ஏறினீங்க?"

அண்ணன் நீதிபதியம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, வண்டிக்குள்ள நடக்கறதை நான் பார்க்கறதும் இல்ல, கேக்கறதும் இல்ல. வெளிய நடக்கறதைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். அதைக் கேளுங்க, சாயங்காலம் வரைக்கும் சொல்றேன்."

நீதிபதியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சொல்லுங்க," என்றார்.

சொன்னார். லாரியின் உடைந்த வலது விளக்கு, இடித்ததும் பால் கேன்கள் உருண்ட சத்தம், அப்போதும் மாறாத சிவப்பு, பால்வண்டிக்காரர் பதறி ஓடி, விழுந்தவரின் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டது எல்லாம். "இறங்கி ஒரு கை கொடுக்கணும்னு துடிச்சேன். வண்டிய விட்டு இறங்கக் கூடாதுங்கறது விதி," என்று முடித்தார்.

கடைசி பெஞ்சில் அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "இவர் இவ்வளவு பேசுவார்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். வீட்டுலயும் ஒரு கூண்டு அடிச்சு வைக்கணும் போல."

அண்ணன் வெட்கப்பட்டு, மனைவியின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

பால்வண்டிக்காரர் விடுதலையானார். கொடி அண்ணனுக்கு அந்த வருடமும் வேலையைப் புதுப்பித்தார்கள். இப்போதும் அதே வெள்ளைக் காரைத்தான் ஓட்டுகிறார். எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்டால், இன்னமும் "வெளிய" என்றுதான் சொல்கிறார்.