பின்னால் இரண்டு மூட்டை மணல்

அந்தச் சத்தம் முதலில் கேட்டது ஒரு புதன்கிழமை காலை ஏழு பத்துக்கு. கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஆகிறது. கல்யாண நாளையே மறந்து வசவு வாங்குகிற எனக்கு இந்த ஏழு பத்து மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

போன வாரம் சென்னையிலிருந்து மகள் ஓர் ஒலிப்பதிவை அனுப்பி, "வேகத்தடையில இப்படிக் கேக்குப்பா, என்னவா இருக்கும்?" என்று கேட்டிருந்தாள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தேன். டொக். ராஜபாளையத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் வலது கால் தானாகத் தரையை அழுத்தி பிரேக்கைத் தேடியது. மனைவி வசந்தா பார்த்துவிட்டாள். "வண்டி நின்னுருச்சா?" என்றாள்.

அப்போது மகளுக்கு ஏழு வயது. தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. அவளுக்குச் சைக்கிள் பழக்கியது நான். "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கையை எடுத்ததும் நான்தான். மாவுக்கட்டுக்கு ஒரு வாசம் உண்டு, மழைக்குப் பிறகு வெள்ளையடித்த சுவரில் அடிப்பது போல. இன்றும் வீடு வெள்ளையடிக்கும்போது நான் தெருவுக்குப் போய்விடுவேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மதுரையில் டாக்டரிடம் காட்ட வேண்டும். எலும்பு கூடிவருகிற நேரம், குலுக்காமல் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தார். பஸ்ஸில் படுக்க வைக்க முடியாது. நான் செகண்ட் ஹாண்டில் வாங்கிய கார் இருந்தது, கடலைமிட்டாய் நிறத்தில். அதை நம்பித்தான் சரி என்றேன்.

புதன்கிழமை அவளைச் சேத்தூரில் மாமியார் வீட்டிலிருந்து கூட்டிவரும்போது ஒரு பள்ளம். முன்பக்கம் டொக் என்றது. பின்சீட்டில் படுத்திருந்த பிள்ளை அலறினாள். வீடு வருவதற்குள் இன்னும் ஆறு பள்ளம். நான் எண்ணினேன். அவள் ஆறாவதற்கு அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது.

மில்லில் என் வேலை நூலை இழுத்துப் பார்ப்பது. எவ்வளவு இழுத்தால் அறும் என்று கருவி சொல்லும், நான் எழுதுவேன். அதனால் அளந்துவிட்டால் எதுவும் புரிந்துவிடும் என்ற திமிர் எனக்கு உண்டு. பக்கத்து மேஜை சுப்புராஜுவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கார் வைத்திருந்ததில்லை. ஆனால் அபிப்பிராயம் வைத்திருந்தார்.

"வெறும் வண்டிதான்யா துள்ளும். லோடு வண்டி பாத்திருக்கீரா, கனம் இருந்தா எம்புட்டு அமைதியாப் போகுது? பின்னாடி ரெண்டு மூட்டை போடும்."

அன்று சாயங்காலமே இரண்டு மூட்டை மணல் போட்டேன். சும்மா போடவில்லை, தராசில் நிறுத்து, ஒன்று நாற்பது கிலோ என்று சமமாக. மில்லிலிருந்து கழிவுப் பஞ்சு வாங்கி வந்து பின்சீட்டில் மெத்தையும் போட்டேன். அப்புறம் வசந்தாவை அதில் படுக்கச் சொன்னேன், ஒரு காலை மகளைப் போலவே நீட்டிக்கொண்டு.

"எங்க வலிக்குதோ அங்க சொல்லு."

"எனக்கு வலிச்சாச் சொல்லணுமா, அவளுக்கு வலிக்கும்னாச் சொல்லணுமா?"

பதில் சொல்வதற்குள் பள்ளம் வந்தது. முன்னால் டொக். கூடவே, இதுவரை இல்லாமல், பின்னால் டமார். "ரெண்டு பேருக்கும் வலிக்கி," என்றாள் வசந்தா.

வியாழக்கிழமை லீவு போட்டு, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வசந்தாவை அதே மெத்தையில் படுக்க வைத்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்தோணி ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். என் வயதுதான். எனக்குத் தெரிந்து இந்தச் சின்னக் கார்களைப் பழகியவன் அவன் ஒருத்தன். நான் காகிதத்தில் எழுதிப்போன குறிப்பை, எந்த வேகத்தில் எத்தனை சத்தம் என்பதை, வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பிறகு முன்பக்கத்தை ஒரு முறை அழுத்திவிட்டுக் கையை எடுத்தான். நல்ல வண்டி ஒரு தடவை எழுந்து நின்றுவிடும். இது தலையாட்டிப் பொம்மை மாதிரி நாலு தடவை ஆடியது. சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு எண்ணெய் ஒட்டிய விரலைக் காட்டினான். ஸ்ட்ரட் என்று அவன் சொன்னான். எங்களுக்குக் குலுக்கல் தாங்குகிற எல்லாமே ஷாக்தான். ஆட்டத்தை அடக்க உள்ளே இருக்க வேண்டிய எண்ணெய் வெளியே வழிந்து கிடந்தது.

பின்னால் போய் டிக்கியைத் திறந்தான். மூட்டையைத் தட்டிப் பார்த்தான்.

"சார், மணல் யாவாரமா?"

விளக்கினேன். சுப்புராஜுவின் பெயரைச் சொல்லவில்லை, அந்தப் பெருமை எனக்கே இருக்கட்டும் என்று. அந்தோணி மூட்டைகளை இறக்கி வைத்தான்.

"கனத்துல ஸ்பிரிங் அமுங்கி, பாடி கீழ போய் இடிக்கி சார். முன்னாடி சத்தம் வண்டியோடது. பின்னாடி சத்தம் நீங்க செஞ்சது."

வசந்தா சீட்டில் படுத்தவாறே, "அவருக்கு எதுலயும் ஒரு பங்கு வேணும்," என்றாள். அவள் சைக்கிளை நினைத்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் அது அங்கே போய்த் தைத்தது.

முன் ஷாக் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும், ஊரில் இல்லை. அந்தோணி எஸ்.டி.டி. பூத்திலிருந்து மதுரைக் கடைக்குப் பேசினான், பிள்ளை விஷயத்தையும் சொன்னான். இரண்டரை மணி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன் என்றார்களாம். "நாலரைக்கு வந்துரும் சார். நான் ராத்திரிக்குள்ள மாட்டித் தாரேன்."

நாலரை பஸ் வந்தது. அந்தக் கண்டக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஐந்தே காலுக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று. ஒவ்வொரு கண்டக்டரிடமும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்த்தேன். ஒருவர், "யாரத் தேடுதீய?" என்றார். "ஷாக்," என்றேன். தள்ளி நின்றுகொண்டார். ஆறரைக்கு வசந்தாவைப் பஸ் ஏற்றி ராஜபாளையம் அனுப்பினேன், பிள்ளை பக்கத்து வீட்டிலேயே இருந்தாள். ஏழு மணிக்கு மனசுக்குள் வேறு கணக்கு ஓடியது: காலையில் டாக்சி கிடைக்குமா, அதன் ஷாக் எப்படி இருக்கும், அதை யார் அழுத்திப் பார்ப்பது.

இப்போது அந்தோணியின் ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் ஜவுளிக்கடை இருக்கிறது. எஸ்.டி.டி. பூத் என்றால் என்னவென்று மகளின் பிள்ளைக்கு நான் விளக்கியும் அவன் நம்பவில்லை. மறுநாள் மகள் காரில் திருமங்கலம் வரை தூங்கிக்கொண்டே வந்ததை வீட்டில் நூறு முறை சொல்லியிருக்கிறேன். முந்தின நாள் சாயங்காலத்தைச் சொன்னதில்லை. முன்பின் தெரியாத ஒருவர் கையில் சாமானைக் கொடுத்து, தெரியாத இன்னொருவர் வாங்கிக்கொள்வார் என்று அனுப்புகிற வழக்கமே போய்விட்டது. அன்று சாமானைக் கொண்டுவந்தவரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏழே காலுக்கு மதுரை பஸ் ஒன்று வந்து நின்றது. எல்லோரும் இறங்கும்வரை கண்டக்டர் வரவில்லை. பிறகு நீளமான பொட்டலம் ஒன்றை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி, படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். பத்தடி தூரத்திலேயே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

"வழியில டயர் வெடிச்சு வேற பஸ்ல மாறி வாரோம் சார். பிள்ளைக்கு அடிபட்டுருக்குன்னு கடைக்காரர் சொன்னாரு. டிரைவர் சீட்டுக்குப் பின்னால சாக்கை நாலா மடிச்சுப் போட்டு, அதுமேலதான் கிடத்திக் கொண்டாந்தேன். ஒரு குலுக்கல் படல."